ஈரலும் விழியும்: ஒரு மருத்துவ வரலாற்று ஆய்வு

1. முன்னுரை

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது தமிழ் மக்களிடையே பெருக வழங்கும் பழமொழிகளுள் ஒன்று. உள்ளத்திற் கோட்டம் உடையான் எப்பொருளையும் அக்கோட்டத்தின் வழியே காண்பான் என்பது அதன் கருத்து. கருத்து நிற்க, அதற்கு நிலைக்களமாக அமைந்த செய்தி உண்மைதானா என்னும் வினாவை எழுப்பினார் அரியர். காமாலை நோயாளிக்கு உலகம் மஞ்சளாகத் தோன்றுமா? தோன்றாதெனின் இப்பழமொழி எவ்வாறு பிறந்தது? ஈரலின் கேட்டிற்கும் விழித்திரையின் கேட்டிற்கும் மெய்யாகவே தொடர்பு உண்டா? உண்டெனின், அத்தொடர்பை மக்கள் என்று, எவ்வழியில் அறிந்தனர்? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருத்துவர்க்குரிய இப்பொருளை மொழியாராய்ச்சியாளர் எடுத்துக்கொள்வது ஏன் எனச் சிலர் ஐயுறலாம். நோய்ப்பெயர்களையும் பழமொழிகளையும் சான்றாகக் கொண்டு முன்னோரின் மருத்துவ அறிவை மதிப்பிடும் வழக்கம் நம் ஆராய்ச்சி உலகில் உண்டு. அவ்வழக்கில் இருவகைப் பிழைகள் நேர்வதை நாம் காண்கின்றோம். பெயர் இருந்தமையால் நோயின் காரணமும் தெரிந்திருந்தது என முடிவு கட்டுவது ஒன்று. காரணம் தெரியாமையால் அவர்தம் அறிவு வெறுங்கதையே என ஒதுக்குவது மற்றொன்று. ஈரலும் விழியும் பற்றிய வரலாறு இவ்விரு பிழைகளையும் ஒருங்கே விளக்கிக் காட்ட வல்லது. ஆதலின் அதனை ஈண்டு விரிவாக ஆராய்தல் பொருத்தமாகும்.

ஈரலுக்கும் விழிக்கும் உள்ள உறவு மூவகைப்படும். ஈரலின் நோயைக் கண் வெளிக்காட்டுதல் முதல் வகை. விலங்கின் ஈரல் கண்ணோய்க்கு மருந்தாதல் இரண்டாம் வகை. நோயுற்ற ஈரல் விழித்திரையையும் நோயுறச் செய்தல் மூன்றாம் வகை. முன்னிரண்டும் மிகப் பழைமையானவை. மூன்றாவது பிற்காலத்தே அறியப்பட்டது. முன்னிரண்டும் நெடுங்காலம் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே வழங்கி வந்தமையே இவ்வரலாற்றில் வியப்புக்குரிய செய்தி எனலாம்.

2. மஞ்சள் விழி

காமாலை என்னும் சொல் காமலா என்னும் வடசொல்லின் திரிபு. இந்நோயில் முதலில் மஞ்சளாவது கண் என்பதை எல்லா நாட்டாரும் கண்டுணர்ந்தனர். தோல் கருமையுடையாரிடத்தும் வெண்விழி வெண்மையாகவே இருத்தலால், அங்கே மஞ்சள் எளிதிற் புலனாகின்றது. இன்றும் மருத்துவர் நோயாளியைப் பகலொளியில் நிறுத்தி, இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பது இதன்பொருட்டேயாகும். குருதியிற் பித்தநிறமியாகிய பிலிருபின் மிகும்போது, வெண்விழியைப் போர்த்திருக்கும் மெல்லிய படலத்தில் அது பெரிதும் படிகின்றது. அப்படலத்திலுள்ள மீள்திறன் நார்கள் அந்நிறமியைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையன. வெண்விழி மஞ்சளாயிற்று என நாம் கூறுவது, பெரும்பாலும் அதன் மேற்போர்வை மஞ்சளாயிற்று என்பதேயாம்.

காமாலையுற்றான் எல்லாவற்றையும் மஞ்சளாகக் காண்பான் என்னும் நம்பிக்கை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. உரோமப் புலவராகிய லுக்ரீசியசு தம் நூலின் நான்காம் பகுதியில் இதனை உண்மையாகவே கொண்டு கூறினார். ஐயவாதியாகிய செக்சுடசு எம்பிரிக்கசு, புலன்களை நம்புதல் தகாது என நிறுவுதற்கு இதனைச் சான்றாகக் காட்டினார். ஒருவர்க்கு இயற்கை விளக்கமாகவும் மற்றொருவர்க்கு அளவைக் கருவியாகவும் பயன்பட்ட செய்தி, நம் நாட்டில் ஒழுக்கம் கற்பிக்கும் பழமொழியாயிற்று. ஒன்றனைப் பார்த்து ஒன்று தோன்றியது எனக் கொள்ளச் சான்றில்லை. பிறர் கண்ணில் மஞ்சளைக் கண்டவர், அக்கண்ணுள் இருந்து நோக்குவார்க்கும் மஞ்சளே தோன்றும் எனக் கருதுதல் எங்கும் நிகழக்கூடியதே.

உண்மையில் அவ்வாறு தோன்றுதல் மிக அரிது. ஒளி புகும் வழியாகிய கருவிழிப் படலத்திலும் விழியாடியிலும் குருதிக் குழல்கள் இல்லை. விழித்திரைக்கும் குருதிக்கும் இடையே நுண்ணிய தடையொன்று உண்டு. குருதிப் புரதத்தோடு பிணைந்து செல்லும் பிலிருபின் அத்தடையை எளிதிற் கடவாது. ஆகவே, நோயின் அறிகுறி பற்றிப் பழமொழி உரைப்பது மெய். நோயாளியின் காட்சி பற்றி உரைப்பது ஊகம். ஒரே தொடரில் மெய்யும் ஊகமும் இவ்வாறு பிரிக்கவொண்ணாதபடி இணைந்து நிற்றலை ஆராய்ச்சியாளர் மறத்தலாகாது.

3. மாலைக்கண்ணும் ஈரல் உணவும்

இரண்டாம் உறவின் வரலாறு எகிப்து நாட்டிலிருந்து தொடங்குகின்றது. ஏறத்தாழக் கி.மு. 1550 ஆம் ஆண்டினதாகக் கருதப்படும் எபர்சு பாப்பிரசுச் சுவடியில், ஒருவகைக் கண்ணோய்க்கு எருதின் ஈரலை வாட்டிப் பிழிந்து பயன்படுத்தும் முறை காணப்படுகின்றது. அந்நோய்ப்பெயர் மாலைக்கண்ணையே குறிக்கும் என்பது அறிஞர் பலருடைய கருத்து; சொற்பொருள் முற்றும் ஐயமற்றது எனல் இயலாது. கிரேக்க நாட்டில் இப்போக்கிரேட்டசு பெயரால் வழங்கும் நூற்றொகுதி, எருதின் ஈரலைத் தேனுடன் உண்ணுமாறு கூறுகின்றது. வடமொழியில் சுசுருத சங்கிதையின் உத்தர தந்திரம், இரவிற் கண் தெரியாமைக்கு ஆட்டீரலைத் திப்பிலியோடு சேர்த்துச் சொல்கின்றது. ஒன்றுக்கொன்று தொலைவான மூன்று நாகரிகங்கள் ஒரே மருந்தை உரைத்தல் தற்செயல் ஆகாது. அம்மருந்து பயன் தந்தமையாலேயே நிலைத்தது எனக் கொள்வதே முறையாகும்.

இங்கு நோய்ப்பெயரின் வரலாறும் நோக்கத்தக்கது. கிரேக்கத்தில் நிக்டலோப்பியா என்னும் சொல் இரவிற் கண் தெரியாமையையும், அதற்கு மாறாக இரவில் மட்டும் கண் தெரிதலையும் குறித்து மயங்கியது. அம்மயக்கம் ஐரோப்பிய மொழிகளிலும் புகுந்தது. ஆங்கிலத்தில் நிக்டலோப்பியா என்று வழங்கும் நோயே பிரெஞ்சு மொழியில் எமரலோப்பி எனப்படும்; ஆங்கிலத்தில் பின்னதன் வடிவமோ பகலிற் கண் தெரியாமையைக் குறிக்கும். ஒரே சொல்லை இரு நாட்டு மருத்துவர் இரு பொருளிற் படித்து இடர்ப்பட்டனர். தமிழில் இவ்விடர் இல்லை. மாலைக்கண் என்னும் தொடர் நோய் தோன்றும் பொழுதையே பெயராகக் கொண்டது. தெலுங்கின் ரேசீகடி என்னும் சொல் இரவின் இருளைச் சுட்டுகின்றது. தமிழ்ச்சொல்லோ அதற்கு முந்திய பொழுதைச் சுட்டுகின்றது. இந்நோயாளிக்கு முதலில் இடர் நேர்வது நள்ளிரவில் அன்று. அந்தியில் ஒளி குன்றும் வேளையில், பிறர் தடையின்றி நடக்கும்போது தான் மட்டும் தடுமாறுகின்றான். பெயரிட்டவர் இதனைக் கூர்ந்து நோக்கியுள்ளனர் என்பதில் ஐயமில்லை.

எனினும் அப்பெயரைக் கொண்டு அவர் காரணத்தையும் அறிந்திருந்தனர் எனல் பொருந்தாது. எகிப்தியரோ கிரேக்கரோ நம் நாட்டாரோ, ஈரலைத் தின்றால் கண் தெளியும் என்று அறிந்தனரேயன்றி, நோயாளியின் ஈரல் கெட்டால் கண் மங்கும் என்று அறிந்தமைக்குச் சான்று இல்லை. ஒருபுறம் மஞ்சள் விழி, மறுபுறம் ஈரல் மருந்து. இவ்விரண்டும் ஒரே ஊரில், ஒரே மருத்துவரிடத்தில் வழங்கியும் ஒன்றுசேரவில்லை.

ஐரோப்பாவில் இம்மருந்து நூல்வழக்கிலிருந்து பெரிதும் நீங்கிய பின்னர், அதனை மீண்டும் ஆய்ந்து நோக்கியவருள் ஒருவர் எடுவார்டு சுவார்ட்சு. ஆசுத்திரியாவின் நொவாரா என்னும் கப்பல் 1857 முதல் 1859 வரை உலகைச் சுற்றிவந்தபோது அவர் அதில் மருத்துவராகச் சென்றார். கடலோடிகளுக்கு மாலைக்கண் தோன்றியபோது எருதின் ஈரலைக் கொடுத்துப் பயன் கண்டு, உணவுக் குறைவே நோய்க்குக் காரணம் என உரைத்தார். அக்காலத்து மருத்துவ உலகம் அதனை ஏற்றுக்கொள்ள முன்வரவில்லை.

4. இரு நெறிகளும் கூடுதல்

நாட்பட்ட ஈரல் நோயின் வரலாற்றில் 1819 ஆம் ஆண்டு நினைவுகூரத் தக்கது. பிரெஞ்சு மருத்துவராகிய லேனெக்கு அவ்வாண்டில் வெளியிட்ட நூலில், சுருங்கி இறுகிய ஈரலுக்குச் சிரோசிசு என்று பெயரிட்டார். மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அப்பெயரின் வேர். நோயின் தன்மை இறுக்கமாயிருக்க, பெயர் நிறத்தால் அமைந்தது.

கண்ணின் உட்புறத்தை உயிருடையாரிடத்தே காணும் வாய்ப்பு 1851 ஆம் ஆண்டில் கிட்டியது. செருமானிய அறிஞர் எல்மோல்ட்சு விழிநோக்கியைப் பற்றிய தம் நூலை அவ்வாண்டில் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே வூர்ட்சுபர்க்கு நகரத்து என்ரிக்கு முல்லர், விழித்திரையின் குறுக்கே தூண்போல் நிற்கும் உயிரணுக்களை விளக்கினார். ஈரல் நோயில் முதன்மையாக மாறுவன இம்முல்லர் உயிரணுக்களே எனப் பின்னர்த் தெளிவாயிற்று. ஆயின் விழிநோக்கியால் அம்மாற்றத்தைக் காணுதல் இயலாது. காணும் கருவியும் காணப்படவேண்டிய பொருளும் ஒரே ஆண்டில் வெளிப்பட்டும் அவை தம்முட் கூட 140 ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

மூன்றாம் உறவைத் தெளிவாக எடுத்துரைத்த பெருமை பாரிசு நகரத்துக் கண் மருத்துவராகிய அன்றி பாரினோ என்பார்க்கு உரியது. 1881 ஆம் ஆண்டில் அவர், ஈரல் நோய்களில் தோன்றும் மாலைக்கண் பற்றிக் கட்டுரை எழுதினார். நோயாளியின் ஈரலுக்கும் அவனது அந்திப் பார்வைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்ததோடு அவர் அமையவில்லை. பகலொளிக்கு ஒருவகை உயிரணுவும் மங்கொளிக்கு மற்றொருவகை உயிரணுவும் விழித்திரையில் உள எனவும், மாலைக்கண்ணிற் பின்னதே குன்றுகின்றது எனவும் முடிவு செய்தார். கூம்பணு, கோலணு என்னும் இருவகையாற் பார்வை இயங்குகின்றது என்னும் கொள்கை வலுப்பெறுவதற்கு ஈரல் நோயாளிகள் இவ்வாறு துணைசெய்தனர்.

இதற்குச் சிறிது முன்னர், 1876 ஆம் ஆண்டில், உரோமில் பணியாற்றிய பிராஞ்சு போல் என்பார் விழித்திரையின் செந்நிறப் பொருள் ஒளிபட்டு வெளிறுவதைக் கண்டார். எய்டல்பர்க்கு நகரத்துக் கூனே அதனை விரிவாக ஆராய்ந்தார். ரொடாப்சின் எனப்படும் அப்பொருளை விழித்திரையினின்று கரைத்தெடுக்க அவர் பயன்படுத்தியது பித்த உப்பு. ஈரலில் ஊறும் பித்தமே விழிச்செம்மையை வெளிக்கொணரும் கருவியாயிற்று என்பது சுவையான செய்தி.

இருபதாம் நூற்றாண்டில் விளக்கம் விரைந்து வந்தது. 1913 ஆம் ஆண்டில் மக்காலம், தேவிசு ஆகிய இருவரும், ஆசுபோன், மெண்டல் ஆகிய இருவரும் தனித்தனியே, கொழுப்பிற் கரையும் வளர்ச்சிப் பொருளொன்றைக் கண்டனர். அதுவே உயிர்ச்சத்து ஏ. அவ்வுயிர்ச்சத்துக் குறைந்த எலிகளிடத்தில் வெளிறிய விழிச்செம்மை மீள்வது தாழ்க்கின்றது என 1925 ஆம் ஆண்டில் பிரிடெரிசியா, ஓல்ம் என்னும் தேனிசு அறிஞர் காட்டினர். 1933 ஆம் ஆண்டில் சியார்சு வால்டு விழித்திரையிலேயே உயிர்ச்சத்து ஏ உள்ளது என நிறுவினார். எகிப்தியரின் ஈரல் மருந்து ஏன் பயன் தந்தது என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. உடலின் உயிர்ச்சத்து ஏ பெரும்பாலும் ஈரலிலேயே சேமிக்கப்படுகின்றது. ஈரலைத் தின்றவன் அச்சேமிப்பையே தின்றான்.

இனி வினா தானாகவே எழுந்தது. ஈரல் சேமிப்பறை எனின், அவ்வறை இடிந்தால் விழி என்னாகும்? நியூயார்க்கில் ஏய்கு, எக்குட்டு, பேட்டக்கு ஆகியோர் 1938 ஆம் ஆண்டிலும், பேட்டக்கு, ஏய்கு ஆகியோர் 1939 ஆம் ஆண்டிலும் வெளியிட்ட ஆய்வுகள் இதற்கு விடை பகர்ந்தன. ஈரல் இறுக்க நோயாளிகளை இருட்டறையில் அமர்த்தி, அவர் கண் இருளுக்குப் பழகும் வகையை அவர்கள் அளந்தனர். பலரிடத்தில் அப்பழக்கம் குன்றியிருந்தது; உயிர்ச்சத்து ஏ கொடுத்தபோது தேற்றம் உண்டாயிற்று; சிலரிடத்தில் அத்தேற்றம் மெல்லவே வந்தது. மஞ்சள் விழியின் நெறியும் ஈரல் மருந்தின் நெறியும் மூவாயிரம் ஆண்டுகட்குமேல் தனித்து நடந்து இவ்விடத்தே ஒன்று கூடின.

மெல்லத் தேறியமைக்குக் காரணமும் பின்னர்த் தெரிந்தது. ஈரல் உயிர்ச்சத்தைச் சேமிப்பதோடு, அதனைக் குருதி வழியே விழிக்குச் சுமந்துசெல்லும் புரதத்தையும் தானே ஆக்குகின்றது. கனாய், இராசு, குட்மன் வழியில் அப்புரதம் 1968 ஆம் ஆண்டில் பிரித்தறியப்பட்டது. இவருள் முதல்வர் கனாய் என்னும் சப்பானியப் பெயருடையார். அப்புரதத்தின் ஆக்கத்திற்கும், விழித்திரையில் உயிர்ச்சத்து உரிய வடிவு பெறுதற்கும் துத்தநாகம் வேண்டும். ஈரல் இறுக்கத்தில் குருதியின் துத்தநாகம் குறைகின்றது என வாலீ குழுவினர் 1956 ஆம் ஆண்டில் கண்டனர். உயிர்ச்சத்தால் மட்டும் தேறாத மாலைக்கண், துத்தநாகம் கொடுத்தபின் தேறிய செய்தியை மோரிசன் குழுவினர் 1978 ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

5. விழித்திரையின் தாங்கணுக்கள்

மாலைக்கண் சத்துக் குறைவால் வருவது. நாட்பட்ட ஈரல் நோயில் விழித்திரை மற்றொரு வகையாலும் மாறுகின்றது. அது நச்சு மிகுதியால் வருவது. 1893 ஆம் ஆண்டில் உருசிய நாட்டில் ஆன், மாசன், நென்கி, பவுலவு ஆகியோர் நாய்களிடத்தே ஒரு சோதனை செய்தனர். குடற்குருதி ஈரலுட் புகாமல் வேறுவழியே செல்லுமாறு அமைத்தபோது, இறைச்சி உண்ட நாய்கள் அறிவு தடுமாறின. ஈரலால் நீக்கப்படவேண்டிய அம்மோனியா மூளையைத் தாக்குவதை அச்சோதனை உணர்த்திற்று. மூளையில் அம்மோனியாவை ஏற்றுக் குளூட்டமின் என்னும் பொருளாக மாற்றுவன விண்மீன் வடிவுடைய தாங்கணுக்கள். அம்மாற்றத்தால் அவை தாமே வீங்கிக் கெடுகின்றன.

விழித்திரை மூளையின் ஒரு கூறே. விழித்திரையும் அம்மோனியாவைக் குளூட்டமினாக மாற்றும் என்பதை 1935 ஆம் ஆண்டிலேயே கிரெப்சு காட்டியிருந்தார். அத்தொழிலைச் செய்யும் நொதி முல்லர் உயிரணுக்களில் உள்ளது என ரீப்பு, நோரன்பர்க்கு ஆகியோர் 1977 ஆம் ஆண்டில் எலியின் விழித்திரையிற் கண்டனர். 1995 ஆம் ஆண்டில் ரைக்கன்பாக்கு குழுவினர், ஈரல் செயலிழந்து இறந்தாருடைய விழித்திரைகளை நுணுகி ஆராய்ந்து, முல்லர் உயிரணுக்கள் மூளையின் தாங்கணுக்களைப் போன்றே மாறியிருப்பதை விளக்கினர். ஈரல்வழி விழித்திரை நோய் என்னும் பெயர் இந்நிலைக்கு வழங்கலாயிற்று. 1997 ஆம் ஆண்டில் எக்குசுடைன் குழுவினர், உயிருடன் உள்ள ஈரல் இறுக்க நோயாளிகளின் விழித்திரை மின்வரைவிலும் மாற்றங்கள் உள என அறிவித்தனர்.

விழித்திரையின் மின்னியக்கத்தைச் சுவீடன் நாட்டு ஓல்ம்கிரென் 1865 ஆம் ஆண்டில் முதன்முதற் கண்டார். கிரானிட்டு 1933 ஆம் ஆண்டில் அதன் கூறுகளைப் பகுத்தார். உயிர்ச்சத்தின் நெறியில் உழைத்த வால்டும், மின்னியக்கத்தின் நெறியில் உழைத்த கிரானிட்டும் 1967 ஆம் ஆண்டு நோபெல் பரிசினை ஆர்ட்டுலைன் என்பாரோடு பகிர்ந்துகொண்டனர். ஈரல் நோயாளியின் விழித்திரையை அறிதற்கு இவ்விரு நெறியும் வேண்டற்பாலன.

இவ்வறிவு நடைமுறைப் பயனும் தந்துள்ளது. விரைந்து மினுக்கும் ஒளி ஒரு நிலையில் தொடர்ந்த ஒளியாகவே தோன்றும். ஈரல்வழி மூளைத் தடுமாற்றம் தொடங்கியோர்க்கு மினுக்கலைப் பிரித்தறியும் அளவு குறைகின்றது எனச் செருமனியில் கிர்க்கைசு, ஆய்சிங்கர் முதலியோர் 2002 ஆம் ஆண்டில் நிறுவினர். நொடிக்கு 39 மினுக்கல் என்பதை அவர்கள் எல்லையாகக் கொண்டனர். பேச்சிலும் நடையிலும் தடுமாற்றம் வெளிப்படுமுன்னரே விழியின் வழியாக அதனை அறிய இச்சோதனை உதவுகின்றது. வண்டி ஓட்டுவோர், பொறிகளில் உழைப்போர் ஆகியோர்க்கு அம்முன்னறிவு உயிர் காக்கும் செய்தியாகும்.

6. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் புலனாவன சில. காமாலையில் விழி மஞ்சளாதல் உண்மை; அதனால் காட்சி மஞ்சளாகும் என்பது பல நாட்டார்க்கும் பொதுவான ஊகம். மாலைக்கண்ணுக்கு ஈரல் மருந்தாதல் பழையோர் பட்டறிவால் அறிந்த உண்மை. அதன் காரணம் இருபதாம் நூற்றாண்டில் வெளிப்பட்டது. ஈரல் கெடின் விழித்திரை கெடும் என்பது 1881 ஆம் ஆண்டின் பின்னரே தெளிவுற்றது. விழித்திரையின் தாங்கணுக்கள் மாறும் வகை 1995 ஆம் ஆண்டில் விளக்கம் பெற்றது.

ஈரல் நோயுற்றார் விழிநோக்கியிற் பெரும்பாலும் குறையற்றவராகத் தோன்றுவர். ஆகவே, அந்தியில் வழி தெரியவில்லை என அவர் கூறும் சொல்லே மருத்துவர்க்கு முதற்சான்று. அச்சொல்லை முதுமையின் தளர்ச்சி என ஒதுக்கினால், தீர்க்கக்கூடிய குறை தீராமலே நின்றுவிடும். அதனைக் கேட்டவுடன், பழைய மருந்தென்று உயிர்ச்சத்து ஏ-யை அளவின்றி ஊட்டுதலும் தீதே. மிகுந்த உயிர்ச்சத்து ஏ ஈரலையே கெடுக்கும். குருதியிற் குறைவது உயிர்ச்சத்தா, துத்தநாகமா, அன்றி மிகுவது நச்சா என ஆராய்ந்தறிந்தே மருந்து கொடுத்தல் வேண்டும்.

நோய்ப்பெயர்களைச் சான்றாகக் கொள்வார்க்கும் இதுவே நெறியாகும். மாலைக்கண் என்னும் சொல் ஒரு நோயாளியின் வாய்மொழியைப் போன்றது. அது கண்டதை உள்ளவாறு உரைக்கின்றது. காரணத்தை உரைப்பதாக அது எங்கும் சொல்லவில்லை. அது சொல்லியதைக் குறையாமல் ஏற்றுக்கொண்டு, சொல்லாததை அதன்மேல் ஏற்றாமல் ஆராய்வதே நம் கடன்.